வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

(ஊரக வளர்ச்சிக்கான வேளாண் கல்வியும் பயிற்சியும் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளாண் கல்வியும் பயிற்சியும் கிராமத்தை எப்படி உயர்த்தும் என்று பேசச் சொல்லி அழைத்தீர்கள். பரந்த தலைப்பு. நான் அதைக் காவிரிப் படுகைக்குள், நெல் வயலுக்குள் கொண்டுவந்து பேசுகிறேன். எனக்குப் பழக்கமான வயல் அது. வேளாண் பயிற்சி என்று நாட்டில் வந்த முறைகளில் அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் அந்த மண்ணில் நடந்து பார்த்தவை.

ஐப்பசியில் தஞ்சைப் பக்கம் போய்ப் பாருங்கள். வயலில் யார் இருக்கிறார்கள்? நாற்றுப் பறிக்கிறவர்கள், நாற்று முடி வீசுகிறவர்கள், வரிசையாகக் குனிந்து நடுகிற பெண்கள். இன்னும் சில நாள் கழித்துப் போனால் முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்து அடிக்கிற ஆள். வரப்பில் நின்று தண்ணீர் மடை மாற்றுகிறவர் பல ஊர்களில் குத்தகைக்காரர். இப்போது அதே ஊரில் வேளாண் பயிற்சி நடந்த அன்றைய வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நடவுப் பெண்ணின் பெயர் இருக்காது. மருந்து அடிக்கிறவரின் பெயர் இருக்காது. குத்தகைக்காரர் பெயர் இருந்தால் அந்த ஊருக்கு நல்ல அலுவலர் வாய்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். யார் கை வயலில் இருக்கிறதோ அவருக்குப் பயிற்சி போய்ச் சேரவில்லை. சேராதவரை எத்தனை நிலையம் திறந்தாலும், எத்தனை கையேடு அச்சடித்தாலும், கிராமத்தின் நிலை மாறாது. ஏன் சேரவில்லை, எங்கே சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

நம் மாகாணத்தில் வேளாண் கல்வி 1868இல் சைதாப்பேட்டைப் பள்ளியில் தொடங்கியது. 1906இல் கோயம்புத்தூருக்குப் போனது. கல்லூரியாயிற்று, 1971இல் பல்கலைக்கழகமும் ஆயிற்று. பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் அந்தக் கல்வி முதலில் அலுவலர்களை உருவாக்கவே வந்தது. படித்தவர் அரசுப் பணிக்குப் போவார், அவர் மூலம் விவசாயிக்கு அறிவு இறங்கும் என்பது ஏற்பாடு. விடுதலைக்குப் பிறகு 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்து, கிராம சேவக் என்று ஓர் ஊழியர் ஊருக்குள் நடமாடத் தொடங்கிய பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அறிவு மேலே இருக்கிறது, அது கீழே வர வேண்டும், வருகிற வழியைச் செப்பனிட்டால் போதும் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

நம்பியதற்கு ஆதாரமும் கிடைத்தது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய காலப் பயிர், குறுவைக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்தியது. அதைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் பேசியது. எப்போது விதைக்க வேண்டும், எவ்வளவு உரம், எந்த நாளில் என்று மாலை நேரத்தில் டீக்கடை வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். ரகத்தின் எண்ணை யாரும் சொல்லவில்லை, ரேடியோ நெல் என்றே கேட்டு வாங்கினார்கள். ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் அமைந்தது என்றால் அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்கள் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும். அவர்களை இந்த மேடையில் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் ரேடியோ நெல் ஏன் வென்றது என்பதையும் யோசிக்க வேண்டும். சொல்ல வேண்டிய செய்தி சிறியது. ஒரு விதை, ஒரு தேதி, ஒரு மூட்டைக் கணக்கு. கடினமான அறிவெல்லாம் ஆராய்ச்சி நிலையத்திலேயே விதைக்குள் அடங்கிவிட்டது. விவசாயி புதிதாகப் பார்க்கவோ முடிவெடுக்கவோ கற்க வேண்டியது குறைவு. அந்த வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லா வேளாண் அறிவும் அப்படித்தான் பரவும் என்று துறை முடிவு கட்டிக்கொண்டதை நம் பெரிய இழப்பாக நினைக்கிறேன். விதை பரவுவதுபோல நீர் மேலாண்மை பரவாது. பூச்சியை அடையாளம் காணும் கண் வானொலி வழியாக வராது.

எழுபதுகளில் உலக வங்கியின் டேனியல் பெனோர் வகுத்த பயிற்சியும் பார்வையும் என்ற முறை இந்தியாவுக்கு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கள ஊழியர் குறித்த நாளில் குறித்த ஊருக்குப் போக வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருக்கே பயிற்சி, ஊரில் சில தொடர்பு விவசாயிகளைப் பிடித்துச் சொன்னால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். ஊழியர்களுக்கு ஒழுங்கு வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொடர்பு விவசாயி என்று யார் அமைந்தார்? மெயின் ரோட்டை ஒட்டி வீடு இருப்பவர், ஊழியர் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்க வசதியுள்ளவர். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடமிருந்து செய்தி சேரிக்கும் தெற்குத் தெருவுக்கும் போகும் என்று எதிர்பார்த்தது ஊரை அறியாதவர்கள் போட்ட கணக்கு.

இங்கிருந்து கொஞ்ச நேரம் ஜாவாத் தீவுக்குப் போக வேண்டும். வேளாண் பயிற்சி என்றால் என்ன என்ற கேள்வியையே அங்குதான் திருப்பிப் போட்டார்கள்.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. கண்ட கையோடு புகையான் வந்தது. நம் விவசாயிகளுக்குப் புகையானை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும். இந்தோனேசிய அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அடித்தார்கள், மேலும் அடித்தார்கள். புகையான் பெருகியது. காரணத்தைப் பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர் பிலிப்பைன்ஸ் வயல்களில் முன்பே ஆராய்ந்து காட்டியிருந்தார். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது, மருந்து அங்கே எட்டாது. எட்டுவது சிலந்திக்கும் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும். காவல்காரர்கள் செத்த வயலில் முட்டைகள் பொரிந்து வெளியே வருகின்றன. மருந்துதான் புகையானை வளர்த்தது.

1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து ஆணையிட்டார். 1989 தொடக்கத்தில் மானியமும் நின்றது. ஆணை மட்டும் போட்டுவிட்டு இருந்திருந்தால் விவசாயி கள்ளச் சந்தையில் மருந்து வாங்கி அடித்திருப்பார். பயம் போகவில்லையே. அந்த இடத்தில்தான் உழவர் வயல்வெளிப் பள்ளி பிறந்தது, 1989இல், யோக்யகர்த்தா வட்டாரத்தில்.

பள்ளி எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே இருக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 25 விவசாயிகள், நடவு முதல் அறுவடை வரை, வாரம் ஒரு காலை. கூரை கிடையாது, வயல்தான் வகுப்பு. ஐந்து ஐந்து பேராக இறங்கி, குத்துகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். தூர் எத்தனை, இலையில் சேதம் எவ்வளவு, அடித்தண்டில் என்ன உட்கார்ந்திருக்கிறது, சிலந்தி எத்தனை, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது. கரையேறி வந்து பெரிய தாளை விரித்து, மெழுகு வண்ணக் குச்சியால் வரைவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகள், மேலே அன்றைய வானம் வெயிலா மேகமா என்பது, அடியில் தண்ணீர் மட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரைந்தார். பிறகு ஒவ்வொரு குழுவும் எழுந்து நின்று சொல்ல வேண்டும்: இந்த வாரம் வயலுக்கு என்ன செய்வது, ஏன்? மற்றவர்கள் மடக்குவார்கள்.

பயிற்றுநருக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. விவசாயி ஒரு பூச்சியைக் கையில் பிடித்துக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. "எங்கே பிடித்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது? அங்கே வேறென்ன இருந்தது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பட்டப்படிப்பு படித்தவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். விடை நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விவசாயி பார்ப்பதை நிறுத்திவிடுவார், அடுத்து "இதுக்கு என்ன மருந்து?" என்பார். விடை சொல்லாவிட்டால் அவரே ஒரு சிலந்தியையும் பத்துத் தத்துப்பூச்சிகளையும் வலை கட்டிய குவளைக்குள் விட்டு வைத்து, மறுநாள் வந்து எண்ணிப் பார்ப்பார். எண்ணிப் பார்த்த பிறகு அவர் வயலில் சிலந்தி சாகும்படி மருந்து அடிக்க அவருக்கே மனம் வராது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வயலில் ஒரு மூலையை ஒதுக்கி, இளம் பயிரின் இலைகளைக் கத்தரிக்கோலால் வேண்டுமென்றே வெட்டிவிடுவார்கள். இலைச்சுருட்டுப் புழு தின்றால் எப்படியோ அப்படி. அறுவடையின்போது அந்த மூலையையும் வெட்டாத இடத்தையும் தனித்தனியாக அறுத்து எடை போடுவார்கள். இளம் வயதில் இழந்த இலையைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதைக் கண்ணால் பார்ப்பார்கள். நட்ட இருபதாம் நாள் இலை வெளுத்ததும் மருந்துக் கடைக்கு ஓடும் வழக்கத்தை எந்தத் துண்டறிக்கையும் நிறுத்தியதில்லை. அந்தத் தராசு நிறுத்தியது.

தொண்ணூறுகளின் முடிவுக்குள் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இந்தப் பள்ளிகளில் படித்தார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு முறை பரவியது.

குறை சொன்னவர்களும் உண்டு. பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் இந்தோனேசியாவில் கணக்கெடுத்து, பள்ளியில் படித்தவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அறிவு பெரிதாகப் பரவவில்லை, செலவுக்கேற்ற பலன் தெரியவில்லை என்று எழுதினார்கள். அதைப் புறந்தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் நான் அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறேன். குத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்றதை வாயால் சொல்லிப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிட முடியாது. நீச்சல் தெரிந்தவர் கரையில் உட்கார்ந்து விவரித்தால் கேட்டவருக்கு நீச்சல் வருமா? பக்கத்து வயல்காரரையும் வயலில் இறக்கித்தான் ஆக வேண்டும். அதற்குச் செலவாகும் என்றால், கல்விக்குச் செலவாகும் என்பதைத் தவிர அதில் புதிதாக என்ன இருக்கிறது?

இப்போது நம் வயலுக்குத் திரும்புகிறேன். புகையானைத் தடுக்கப் பல்கலைக்கழகம் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. நடும்போதே எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விட்டு நடுவது. பட்டம் விடுதல் என்கிறோம். காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை இறங்கும், மருந்து அடிக்க நேர்ந்தாலும் நடந்து போக வழியிருக்கும். எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, பயிற்சியில் சொல்கிறோம், விவசாயிகள் தலையாட்டுகிறார்கள். ஆனால் நடவு நாளில் பட்டம் விடுவது யார்? கொத்தாக நடவுக்கு எடுத்த பெண்கள். அவர்களுக்கு ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நடாமல் இடம் விட்டால் மேஸ்திரி திட்டுவார் என்ற பழக்கத்தில் நெருக்கி நட்டுவிட்டுப் போகிறார்கள். மார்கழியில் புகையான் வந்ததும் மருந்து அடிக்க வரும் ஆள் கடைக்காரர் கொடுத்ததை அடிக்கிறார். அவர் கையில் இருப்பது புகையானை மேலும் பெருக்கும் செயற்கைப் பைரித்ராய்டு வகையாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது. நாம் பயிற்சி கொடுத்த நிலக்காரர் இந்த இரண்டு இடத்திலும் வயலுக்குள் இல்லை.

ஒற்றை நாற்று நடவுக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் கதை மடகாஸ்கரில் தொடங்குகிறது. ஹென்றி தெ லோலானியே என்ற இயேசு சபைப் பாதிரியார் அங்கே ஆன்ட்சிராபே ஊரில் கிராமத்து இளைஞர்களுக்காக வேளாண் பள்ளி நடத்தினார். 1983இல் ஒரு நெருக்கடியில், 15 நாள் மட்டுமே ஆன நாற்றை எடுத்து மாணவர்களோடு சேர்ந்து நட்டார். அந்தப் பயிர் தூர் கட்டியதைப் பார்த்து அசந்துபோனார்கள். இளம் நாற்று, ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுப்பது, களையை உருட்டி மண்ணிலேயே அமுக்குவது என்று முறை உருவானது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பிறகுதான் போனது. பள்ளி வயலில், மாணவர் கையில் பிறந்த தொழில்நுட்பம் அது.

தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் இதை ஆராயத் தொடங்கியது. 2003இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே நூற்றுக்கணக்கில் சோதனை நட்டுப் பார்த்தார்கள். தாமிரபரணியில் ஹெக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. ஏக்கருக்கு 25, 30 கிலோ போட்ட இடத்தில் 2, 3 கிலோ விதை போதும். செம்மை நெல் சாகுபடி என்ற பெயரில் அரசு அதைக் கையில் எடுத்தது. களையை உருட்டும் கோனோவீடர் கொடுத்தார்கள், கட்டம் போடும் மார்க்கர் கொடுத்தார்கள், நிலக்காரர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

ஒரு நடவு நாளில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பாய் நாற்றங்காலில் வளர்த்த 14 நாள் நாற்று. சாண் நீளம்கூட இல்லை. நிலக்காரர் கட்டம் போட்டு வைத்திருந்தார். பெண்கள் இறங்கவில்லை, வரப்பிலேயே நின்றார்கள். கொத்தின் மூத்தவர் நாற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், இத புல்லுன்னு நெனச்சிக் கால்ல மிதிச்சிருவோம். ஒத்த நாத்து வெச்சு நண்டு வெட்டிட்டா எடம் காலியாப் போயிரும், அப்ப எங்களத்தான் திட்டுவாங்க. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசிக்கிட்டு வந்திருக்கோம். கட்டம் பாத்துக் குத்துனா இன்னிக்கு முடியாது. நாளைக்குக் கூலி யாரு குடுக்குறது?"

நண்டு, கூலி, வேகம், பழி. அவர் கேட்ட நான்கு கேள்விக்கும் எங்கள் கையேட்டில் விடை இல்லை. அன்று நிலக்காரர் கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. அந்த மூத்தவரே ஒரு மாற்றம் செய்தார். நாற்றைப் பிடுங்காமல், வேர் மண்ணோடு தட்டில் ஏந்தி இடக்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மெல்லப் பதித்துத் தள்ளியபடி போனார். மற்றவர்கள் அதைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். முதல் நாளே இவர்களை உட்கார வைத்துப் பேசியிருந்தால், நண்டுக்கு வரப்போரம் கொஞ்சம் நாற்றை மிச்சம் வைப்பது முதல் கூலியை நாள் கணக்கில் பேசுவது வரை எல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருக்கும்.

கோனோவீடருக்கும் அதே கதிதான். கையால் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். டெல்டாவின் களிமண்ணில் கனமான கருவியைத் தள்ள ஆண்கள் வந்தார்கள். பெண்களுக்கு ஒரு வேலை போயிற்று. எடை குறைந்த கருவி வேண்டும், அதைப் பெண்களைக் கேட்டு வடிவமைக்க வேண்டும் என்பது பின்னால் தோன்றிய யோசனை. திட்டம் பரவிய வேகமும் பிறகு பல ஊர்களில் பழைய நடவுக்கே திரும்பியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆள் பற்றாக்குறை, கடைமடைத் தண்ணீர் என்று பல காரணம் உண்டு. நடுகிறவர்களைக் கேட்காமல் நடவு முறையை மாற்றப் பார்த்ததும் ஒரு காரணம், என் கணிப்பில் முதல் காரணம்.

அப்படியானால் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததே இல்லையா? உண்டு. அதை நாம் மறந்துவிட்டதுதான் வருத்தம். 1986இல் டென்மார்க் அரசின் டேனிடா உதவியோடு தமிழ்நாட்டில் தான்வா திட்டம் தொடங்கியது. வேளாண்மையில் பெண்களுக்கு என்றே ஒரு திட்டம். வேளாண் பட்டம் பெற்ற பெண்களை அலுவலராக அமர்த்தி, சிறு குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு அவர்கள் கிராமத்திலேயே சில நாள் பயிற்சி. அதன் பிறகு அதே அலுவலர் அவர்கள் வயலுக்குப் போய், சொன்னதைச் செய்தார்களா, செய்ய முடியாமல் போனது ஏன் என்று பார்த்து வருவார். கற்ற பெண் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தருவார்.

அங்கே என்ன கற்றுக் கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். விதை நெல் தேர்வு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல் உப்பைக் கரைக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்கத் தராசு வேண்டாம், ஒரு நல்ல கோழி முட்டை போதும். வெறும் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கும் முட்டை, உப்பு கரையக் கரைய மேலே வரும். ஓட்டில் நாலணாக் காசளவு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் பதம். அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைக்காயும் மிதக்கும், அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவினால் முளைப்பு ஒன்றுபோல் வரும். உப்பு வீட்டில் இருக்கிறது, முட்டை வீட்டில் இருக்கிறது, வேலை செய்யப்போகும் கை பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கடையில் கடன் சொல்ல வேண்டாம். விதை நேர்த்தி, அசோஸ்பைரில்லம் உயிர் உரக் கரைசலில் நாற்றின் வேரை நனைத்து நடுவது என்று பெரும்பாலும் இந்த வகைத் திறன்கள். பயிற்சி முடிந்த அன்றே செய்யலாம்.

தான்வா பல ஆண்டுகள் நடந்து, வெளிநாட்டு உதவிக் காலம் முடிந்ததும் முடிந்தது. நான் இதைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் பேசுகிறேன். பெண் அலுவலர், கிராமத்திலேயே வகுப்பு, திரும்பப் போய்ப் பார்த்தல் என்ற மூன்றையும் துறையின் நிரந்தர வழக்கமாக ஆக்கியிருக்க வேண்டும். திட்டம் போகலாம், வழக்கம் ஏன் போக வேண்டும்? 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுத்துப் பயிற்சி தரும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் கொண்டுவந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் குழுவுக்கு ஒரு பெண் ட்ரோன் ஓட்டுவார். நாற்று நடுகிற நாற்பது பேர் அப்படியேதான் இருப்பார்கள்.

வேளாண் அறிவியல் நிலையங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாட்டின் முதல் நிலையம் 1974இல் நம் பக்கத்தில், புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மோகன் சிங் மேத்தா குழு அதற்கு வகுத்த நெறி, செய்து கற்பது, செய்ய வைத்துக் கற்பிப்பது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கு மேல் நிலையங்கள். அங்கே பணியாற்றும் பலர் எனக்கு நண்பர்கள், அவர்கள் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. கேட்க விரும்புவது நாட்காட்டியைப் பற்றி. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. இலக்கை முடிக்க மாசி, பங்குனியில் பயிற்சி குவிகிறது. டெல்டாவில் அப்போது சம்பா அறுத்து, வயலில் உளுந்து நிற்கிறது. சம்பா நாற்றங்காலைப் பற்றி அப்போது பேசினால் ஆவணி வரும்வரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? விதை நேர்த்தியை விதை ஊறப்போடும் வாரத்தில் சொல்ல வேண்டும், பட்டத்தை நடவுக்கு முந்தின நாள், புகையானைத் தூர் விலக்கிப் பார்க்கும் கார்த்திகை மார்கழியில். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா, தள்ளிப் போகுமா என்பதைப் பொறுத்து இவை எல்லாம் ஆண்டுதோறும் நகரும். நிலையத்தின் நிதியும் அதோடு நகர வழி செய்வது டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களின் கடமை.

இளநிலை வேளாண்மை இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறுகிறீர்கள். செய்தித்தாளில் படம் வருகிறது, செயல்விளக்கம் காட்டுகிறீர்கள். ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாதங்களில் ஒரு நாள் முழுக்க நடவுக் கொத்தோடு இறங்கி நடுங்கள். முதுகு வலிக்கும். வலித்த பிறகு 25 சென்டிமீட்டர் நடவு இடைவெளி என்ற எண் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். மருந்து அடிக்கிறவரோடு ஒரு காலைப் பொழுது நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர் எப்படிப் பார்க்கிறார், வாய்க்கு என்ன கட்டியிருக்கிறார், காலி டப்பாவை எங்கே எறிகிறார் என்று பாருங்கள். நீங்கள் எழுதும் அறிக்கையில் அவர் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாக, பணம். கூலித் தொழிலாளிக்குப் பயிற்சி என்றால் அவருக்கு அன்றைய கூலி போகும். நிலக்காரருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள்தான், நடவுப் பெண்ணுக்கு அன்று இரவு அடுப்பு. பயிற்சிக்கு வரும் தொழிலாளிக்கு அந்த ஊரில் நடப்பிலுள்ள ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். டீயும் பிஸ்கட்டும் கோப்பும் பேனாவும் பையும் வாங்குகிற தொகையிலேயே அதில் ஒரு பங்கு இருக்கிறது. மண்டப வாடகையை விட்டால் இன்னொரு பங்கு கிடைக்கும், வயலுக்கு வாடகை இல்லை. பயனாளி என்று பதிவு செய்யப் பட்டா எண் கேட்கும் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுக்க ஓர் அரசாணை போதும். ஊருக்கு ஒரு நடவுக் கொத்து, ஒரு மருந்து அடிக்கும் குழு, இவர்களோடு குத்தகைக்காரர்கள். வட்டாரத்துக்குப் பத்து ஊர் என்று வரும் சம்பாவில் தொடங்கலாம். எந்த ஊர்கள் என்பதை இந்தக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து பட்டியல் போட நான் தயார். உதவி இயக்குநர்கள் சற்று இருந்து போகும்படி வேண்டுகிறேன்.